ஏழாம் தேதி டம்ளர்

மாரிவிக்கின் நோட்டில் இருந்தது எக்நாக்:
முட்டை ஆறு, பால் நாலு கப்,
கிரீம், சர்க்கரை, சாதிக்காய்.
ஆறாவது வரியை
தாள் கிழியும்படி அடித்திருந்தாள்.
அடித்த பிறகும் படிக்க முடிந்தது: ரம்.

முன்பு ஒரு அமெரிக்க வீட்டில்
இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டியவள்.
அவர்கள் குவைத்தைக் காலிசெய்த வாரம்
ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பார்த்து எழுதியதாம்.
சம்பள பாக்கி தந்தார்களா என்றேன்.
நோட்டை ஆட்டினாள்: "இதைத் தந்தார்கள்."

கைத்தானில் நாலாவது மாடி.
மூன்று கட்டில், ஓர் அடுப்பு.
டிசம்பர் இருபத்துநாலும் வேலை நாள்தான்.
டயாலிசிஸ் வார்டிலிருந்து வந்து
யூனிஃபார்மோடு முட்டை உடைக்க நின்றேன்.

மஞ்சளை மட்டும் எடுக்க வேண்டும்.
ஓட்டிலிருந்து ஓட்டுக்கு மாற்றி
வெள்ளையை வழியவிடும் வித்தை.
நரம்பே தெரியாத கையில் ஊசி ஏற்றுகிறவளுக்கு
ஒரு கரு உடையுமா?
மூன்றாவது உடைந்தது.

பால் கொதிக்கவும் கூடாது, முட்டை வேகவும் வேண்டும்.
எழுபது டிகிரி என்கிறது நோட்டு.
எங்களிடம் இருந்தது
மனிதக் காய்ச்சலுக்கான தெர்மாமீட்டர்.
நாற்பத்திரண்டைத் தாண்டியதும்
கத்த ஆரம்பித்தது.
எட்டிப் பார்த்த சோசம்மா சொன்னாள்:
"இந்த பேஷண்ட் போயி."

போய்த்தான்விட்டது.
சட்டி முழுக்க இனிப்பு முட்டைப்பொரியல்.
குப்பூஸில் சுருட்டி நின்றபடியே தின்றோம்.
அவ்வளவு மோசமில்லை.

அடுத்த ஈட்டுக்கு
சூட்டைக் கரண்டி கரண்டியாகப் பழக்கினோம்,
புது நர்ஸுக்கு
முதல் நாளே ஐசியூ காட்டுவோமா என்ன.
கரண்டியின் முதுகில் படலம் பிடித்தது.
விரலால் இழுத்த கோடு
கலையாமல் நின்றது.
பாகுக்குக் கம்பிப் பதம் என்றால்
இது கோட்டுப் பதம். பெயர் வைத்தது நான்.

சாதிக்காய் என் பெட்டியில் இருந்தது.
பிள்ளைகளை உறங்கவைப்பது உனக்கெதற்கு
என்றாள் சோசம்மா.
நைட் டியூட்டி முடிந்து
பகலில் உறங்க வேண்டாமா?

அடித்த வரிக்குப் பதிலாக
பேரீச்சம்பாகு இரண்டு கரண்டி.
நிறம் வந்தது. மயக்கம் வரவில்லை.
அதற்குத்தான் பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட் இருக்கிறதே.

ஒரு டம்ளரை மூடி
கீழே கொண்டுபோனேன்,
லிஃப்ட் செத்த நாளெல்லாம்
எங்கள் தண்ணீர் கேனைச் சுமக்கும் ஹாரிஸுக்கு.
ஆவியை முகர்ந்தார். "சஹ்லப்!" என்று மலர்ந்தார்.
பிறகு கேட்டார்: பாலா? முட்டையுமா?
வேண்டாமென்று கையை நீட்டியபோதுதான்
ஸ்வெட்டர் விலகி
மணிக்கட்டில் தெரிந்தது
பச்சை குத்திய சிலுவை.

எகிப்துக்காரர்களின் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம்.
அதுவரை நோன்பு. பால், முட்டை, எதுவும் ஆகாது.
பெயரையும் அன்றுதான் கேட்டேன். கிர்கிஸ்.

நாலு வருடம்
பெருநாள் தவறாமல் ஈத் முபாரக் சொல்லியிருக்கிறேன்.
ஒரு தடவையாவது திருத்தக் கூடாதா?
"நல்ல வார்த்தை" என்றார்,
"அதை எதற்குத் திருப்பி அனுப்ப?"

மூடிய டம்ளரோடு
நாலு மாடி ஏறினேன்.
மேலே ஆடை படிந்திருந்தது.
கதவைத் திறக்குமுன்
படியிலேயே குடித்து முடித்தேன்,
யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி ஆறாம் தேதி நைட் டியூட்டியை
இரண்டு வெள்ளிக்கிழமைக்கு விற்றேன்.
தனியாக, தெர்மாமீட்டர் இல்லாமல்.
முதல் ஈட்டிலேயே கோடு நின்றது.

நள்ளிரவு தாண்டி
கோயிலிலிருந்து வந்தவர்
கோட்டுக்கூடக் கழற்றாமல்
ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.
மீசையெல்லாம் நுரை.
"ஏதோ குறையுது."
சர்க்கரையா?
தலையாட்டிவிட்டு, படிக்கடியில் இருக்கும்
அறைக்குள் போனார்.
பழைய நெஸ்கஃபே பாட்டிலோடு வந்து
பட்டைப்பொடியைத் தூவி
மீதியை என்னிடமே நீட்டினார்.

காலையில் மாரிவிக்கின் நோட்டில்
அடித்த வரிக்குமேல் தமிழில் எழுதினேன்:
பட்டை. கிர்கிஸ் சொன்னது.
என்ன எழுதுகிறாய் என்றாள்.
ரம் என்றேன்.